மச்சமும் புதுக் கேமராவும்

சனிக்கிழமை காலை பத்து மணி நாற்பது நிமிடம். புதுக் கேமரா தான் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் நேரத்தைப் பதித்துவிடுகிறது, அதனால்தான் இவ்வளவு சரியாகச் சொல்ல முடிகிறது. அந்த நேரத்தில் என் மகளின் வலது கண்ணின் உட்புறம் கம்ப்யூட்டர் திரையில் விரிந்தது. ஆரஞ்சு நிறத் தரை, அதில் கிளைவிட்டு ஓடும் ரத்தக் குழாய்கள், ஓரத்தில் நரம்பு உள்ளே நுழையும் வெளிர் வட்டம். கீழே சாம்பல் நிறத்தில் அந்த மச்சம். போன வருடம் கடுகளவு இருந்தது. இப்போது மிளகளவு இருந்தது.

சிதம்பரத்தில் ஒரு சிறிய கண் மருத்துவமனையில் நான் வேலை பார்க்கிறேன். வீடு கடலூரில். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். பெயர் பதிவது, கண்ணுக்குள் படம் எடுப்பது, எடுத்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றி டாக்டரம்மாவின் அறைக்கு அனுப்புவது என் வேலை. இயற்பியல் படித்தவள் என்பதால் இந்த இயந்திரங்கள் எனக்குப் பிடிக்கும். இன்னொருவர் கண்ணுக்குள் பார்ப்பதில் எனக்கு எந்தப் பயமும் இருந்ததில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று மகள் வந்து உட்கார்ந்தாள். எல்லோருக்கும் எடுப்பதுபோல அவளுக்கும் ஒரு படம் எடுத்தேன். அன்றிலிருந்துதான் பயம்.

"தோல்ல மச்சம் வர்ற மாதிரி கண்ணுக்குள்ளயும் வரும்மா," என்றார் டாக்டரம்மா. "நெறைய பேருக்கு இருக்கும், தெரியாமலே இருப்பாங்க. வளராம இருந்தா ஒண்ணுமில்ல. வருஷத்துக்கு ஒரு படம் எடுத்துப் பக்கத்துல வச்சிப் பாப்போம்."

"வளந்தா மேடம்?"

"வளந்தா புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். இப்பவே அத எதுக்குக் கேக்கற?"

எதுக்குக் கேட்டேன் என்று எனக்கும் தெரியாது. ஆனால் வீட்டுக்குக் கொண்டுபோனது புதுச்சேரி என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான். மகளுக்கு அந்தக் கவலை இல்லை. "நான் மச்சக்காரிம்மா. யார் கண்ணுக்கும் படாத எடத்துல வச்சிருக்கேன் பாரு," என்று கல்லூரி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். போன வருடம் எடுத்த படத்தில் மச்சம் அப்படியேதான் இருந்தது. நான் அதைச் சும்மா இருக்கும் நேரத்தில் எல்லாம் திறந்து பார்த்துக்கொள்வேன். மூடிவிட்டு வேலையைப் பார்ப்பேன்.

இந்த வருடம் பழைய கேமரா லென்ஸில் பூஞ்சை பிடித்து ஓய்ந்துவிட்டது. கடல்காற்று அதற்கு ஆகவில்லை. புதியது வந்து இறங்கியது. ஒயரைச் செருகினேன். பழைய சாஃப்ட்வேர், கருவி எதுவும் இணைக்கப்படவில்லை என்றது. மிக்ஸி ஓடவில்லை என்றால் செய்வோமே, அதுபோலப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிப் பார்த்தேன். அதே பதில்.

கம்பெனிக்குப் போன் செய்தேன். பூனாவிலிருந்து ஓர் இளைஞர் ஆங்கிலத்தில் பொறுமையாக விளக்கினார். உங்கள் சாஃப்ட்வேர் பிறந்தபோது இந்தக் கேமரா பிறக்கவில்லை மேடம், அதற்கு இதை அடையாளம் தெரியாது, புதியது போட வேண்டும். புதியதைப் போட்டால் விண்டோஸ் பழையது என்றது. விண்டோஸைப் புதுப்பிக்கப் போனால் மெமரி போதாது என்றது. ஒரு வீட்டுக்குக் கதவு மாற்றப் போய் நிலைப்படி, சுவர் என்று போவதுபோல ஒவ்வொன்றாக மாற்றினோம். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, பூனாக்காரர் அங்கிருந்தே இயக்கினார். திரையில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேமராவும் கம்ப்யூட்டரும் பேச ஆரம்பித்தன. பழைய நோயாளிகளின் படங்களும் புதிய சாஃப்ட்வேருக்குள் வந்து சேர்ந்தன.

"மேடம், ஒரு கேள்வி," என்றார் அவர். "உங்கள் பக்கத்தில் பரங்கிப்பேட்டை என்பது மிகப் பெரிய குடும்பமோ?"

எனக்குப் புரியவில்லை.

"பரங்கிப்பேட்டை என்ற குடும்பப் பெயரில் இத்தனை பேர் இருக்கிறார்கள். பெண்ணாடம் குடும்பம், சேத்தியாத்தோப்பு குடும்பம் எல்லாம் இருக்கின்றன. பெரியது கடலூர் குடும்பம்தான்."

அப்புறம்தான் புரிந்தது. பழைய சாஃப்ட்வேரில் பெயருக்கு ஒரே ஒரு கட்டம். நம் ஆட்களுக்குப் பெயரும் இனிஷியலும்தான். ஒரே பெயர், ஒரே இனிஷியலில் நாலு பேர் வருவார்கள். அதனால் நான் பெயர், இனிஷியல், பின்னால் ஊர் என்று ஆங்கில எழுத்தில் அடித்து வைத்திருந்தேன். புதியதில் மூன்று கட்டங்கள். கடைசி வார்த்தையைக் குடும்பப் பெயர் என்று அதுவே எடுத்துக்கொண்டது. அது ஊர் என்று சொன்னேன். அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். திங்கட்கிழமை சரிசெய்வோம் என்று போனை வைத்தோம். கடைசி பஸ் வரை நிற்காமல் வீடு போய்ச் சேர்ந்த அந்த வெள்ளிக்கிழமை எனக்கு எத்தனை லேசாக இருந்தது என்று இப்போதும் நினைவிருக்கிறது.

மறுநாள் டாக்டரம்மா சேத்தியாத்தோப்பில் இலவச முகாமுக்குப் போயிருந்தார். கூட்டமில்லாத நாள். கேமரா பழகுவதற்கு நல்லது என்று மகளை அழைத்துக்கொண்டு போனேன். மத்தியானம் இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு வாங்கித் தர வேண்டும் என்பது அவள் போட்ட நிபந்தனை. விளக்கை அணைத்து, கேமராவின் தாங்கியில் மோவாயை வைக்கச் சொன்னேன்.

"சிரிக்கணுமா?"

"பச்சைப் புள்ளிய மட்டும் பாரு. கண்ணச் சிமிட்டாத."

அந்தப் படம்தான் மிளகளவு மச்சத்தோடு திரையில் நின்றது.

இன்னொன்று எடுத்தேன். அதிலும் அப்படியே. போன வருடப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும் என்று, அவள் பெயரையும் இனிஷியலையும் அடித்து, குடும்பப் பெயர் கட்டத்தில் கடலூர் என்று போட்டேன். ஒரு கண் திறந்தது. அதில் மச்சமே இல்லை. சுத்தமான கண். ஒரு நொடி, கடவுளே, இதுவரை பார்த்தது எல்லாம் என் பிரமையா என்று தோன்றியது. பிறகு வயதைப் பார்த்தேன், ஐம்பத்தெட்டு. கடலூர் பழைய நகரத்திலிருந்து சர்க்கரைக்காக வருடம் ஒருமுறை வரும் அம்மாள். பேர் பொருத்தம், இனிஷியல் பொருத்தம், ஊர்ப் பொருத்தம்.

மூடினேன். இனிஷியல் இல்லாமல் தேடினேன். இனிஷியலை முன்னால் போட்டுத் தேடினேன். சிதம்பரம் என்று போட்டேன். அவள் கண் எங்கும் இல்லை. பூனாவுக்குப் போன் செய்தால் சனிக்கிழமை விடுமுறை என்று பதிவு செய்த குரல் சொன்னது. டாக்டரம்மாவின் போனை முகாமில் இருந்த நர்ஸ் எடுத்தாள்.

"டாக்டரம்மா டார்ச்ச வச்சிப் பாத்துகிட்டு இருக்காங்கக்கா. ஏகப்பட்ட கூட்டம். மத்தியானத்துக்கு மேலதான் கெளம்புவாங்க. அவசரமா?"

அவசரம் என்று சொன்னால் மகளுக்குக் கேட்கும். "இல்ல, வரட்டும்," என்றேன்.

மகள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"பெருசாயிடுச்சா?"

"தெரியல. பழசு கெடைக்க மாட்டேங்குது. ஒன் பேர அடிச்சா கடலூர்ல வேற ஒரு அம்மா வர்றாங்க."

"ம்மா, அதப் பாத்தா எனக்குப் பயமா இல்ல. ஒன் மூஞ்சியப் பாத்தாதான் பயமா இருக்கு."

மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைப்பது? திரையைப் பார்த்தபடி ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தேன். புதுச்சேரிக்கு எந்த நாள் போவது, அவள் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

"ஒன் போன்ல என் பேர என்னான்னு வச்சிருக்க?" என்றாள்.

"இப்ப அது எதுக்குடி?"

"காட்டேன்."

காட்டினேன். தமிழில் பாப்பா என்று இருந்தது.

"கடலூர்ல ஏற்கெனவே என் பேர்ல அந்த அம்மா இருக்காங்க இல்ல. அப்ப நீ எனக்கு ஊர் பேர் போட்டிருக்க மாட்ட. இதத்தான் போட்டிருப்ப."

குடும்பப் பெயர் கட்டத்தில் ஆங்கிலத்தில் பாப்பா என்று அடித்தேன். யாரும் இல்லை என்றது.

"நடுவுல ரெண்டு பி போடும்மா. வாட்ஸப்புல நீ அப்டித்தான அடிப்ப."

இரண்டு பி போட்டேன். பாப்பா குடும்பம் திறந்தது. அதில் ஒரே ஆள். வயது பத்தொன்பது, வலது கண், இரண்டு படங்கள், கடுகளவு மச்சம்.

"ஒரு குடும்பத்துல நான் ஒருத்திதானா? சொத்து பிரச்சனையே வராது," என்றாள்.

பழையதை இடப்பக்கமும் புதியதை வலப்பக்கமும் வைத்தேன். வைத்த பிறகு பயம் குறையவில்லை, கூடியது. இடப்பக்கம் சிறியது, வலப்பக்கம் பெரியது, பச்சைக் குழந்தைக்கும் தெரியும். "எல்லாமே பெருசாத்தாம்மா இருக்கு," என்று அவள் சொன்னாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். கொத்சு வாங்கி வந்து அவள் சாப்பிட்டாள். என் இட்லியையும் அவளே சாப்பிட்டாள்.

டாக்டரம்மா வந்தபோது நான் வாசலிலேயே நின்றிருந்தேன். கைப்பையைக்கூட இறக்காமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மச்சத்த மட்டுமே பாத்துகிட்டு இருந்தியா?"

"ஆமா மேடம்."

"இந்த வட்டத்தப் பாத்தியா? நரம்பு உள்ள வர்ற வட்டம். இதுவும் பெருசாத்தான் இருக்கு. ரத்தக் கொழாயும் தடியாத்தான் இருக்கு. ஒம் பொண்ணு கண்ணு மொத்தமா வளந்துடுச்சா என்ன?" பேனாவால் திரையைத் தட்டினார். "பழைய கேமரா செவுத்துல மாட்டின படத்தத் தள்ளி நின்னு பாக்கும். இது படத்துல மூக்க வச்சிப் பாக்குது. அவ்ளோதான். வட்டத்தோட அகலத்துல மூணுல ஒரு பங்கு மச்சம். அன்னைக்கும் அதான், இன்னைக்கும் அதான். வளரல."

"நல்லாப் பாத்தீங்களா மேடம்?"

"ஸ்கேல் வச்சி நீயே அளந்துக்கோ."

அளந்தேன். அவர் எதிரிலேயே, மரியாதை இல்லாமல், இரண்டு படத்திலும் வட்டத்தை அளந்தேன், மச்சத்தை அளந்தேன், வகுத்துப் பார்த்தேன். இயற்பியல் படித்தவள் காலையிலேயே செய்திருக்க வேண்டிய கணக்கு. மூன்றில் ஒரு பங்குதான். டாக்டரம்மா அதுவரை எழுந்து போகாமல் காத்திருந்தார். பிறகு மகளிடம், "அடுத்த வருஷம் ஒங்கம்மாவ வெளிய உக்கார வச்சிட்டு வா," என்றார்.

பஸ்ஸில் வெள்ளாற்றுப் பாலம் தாண்டும்போது மகள் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. நிறைய சமைத்தேன், நிறைய சாப்பிட்டேன். ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். இன்றைக்கும் புதுக் கேமராவில் யாருடைய படம் திறந்தாலும் முதல் நொடியில் என் விரல்கள் குளிர்ந்துவிடுகின்றன. வட்டத்தைப் பார்த்த பிறகுதான் மற்றதைப் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை பூனாக்காரர் ஊர்ப் பெயர்களை எல்லாம் எடுத்து ஊர் என்ற கட்டத்தில் போட்டார். குடும்பப் பெயரைக் காலியாக விட சாஃப்ட்வேர் சம்மதிக்கவில்லை. இனிஷியலை அங்கே போட்டோம். இப்போது எங்கள் பக்கத்து ஜனங்கள் எல்லாம் ஒற்றை எழுத்துக் குடும்பத்தார். மகள் மட்டும் பாப்பா என்ற தன் பெயரை மாற்ற விடவில்லை. தேடினால் கிடைக்கிற பெயர் அதுதான் என்றாள்.

அந்த வாரமே பழைய நகரத்து அம்மாள் சர்க்கரைக்குக் கண்ணைக் காட்ட வந்தார். கையில் பழம் போட்ட பை, கால் வலி, பஸ்ஸில் இடம் கிடைக்காத கோபம். படம் எடுத்தேன். வட்டம், குழாய்கள், எல்லாம் ஒழுங்காக இருந்தன. எனக்கு அவரைப் பார்த்ததும் ஏதோ சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இருந்தது. பேச்சை நிறுத்த முடியவில்லை. உங்கள் பெயரேதான் என் மகளுக்கும், அவள் படத்தைத் தேடப்போய் உங்கள் படம் வந்து நின்றது, அவள் கண்ணுக்குள் ஒரு மச்சம் இருக்கிறது, ஆனால் பயமில்லை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவர் மோவாயை எடுக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"கண்ணுக்குள்ளயா? அதிர்ஷ்டக்காரப் பொண்ணு. எனக்கு இருக்கா?"

"இல்லக்கா. ஒங்களுக்குச் சுத்தமா இருக்கு."

"ஒண்ணுகூடவா இல்ல?"

"ஒண்ணுகூட இல்ல."

அவர் முகம் வாடிவிட்டது. மோவாயை இன்னும் கொஞ்சம் முன்னால் தள்ளி, கண்ணை அகல விரித்தார்.

"நல்லாப் பாத்து சொல்லும்மா. புதுக் கேமரான்ற. அதுலயாவது எங்கயாவது ஒண்ணு தெரியுதா பாரு."