நாக்கு படாத விளிம்பு

அந்தக் கைகாட்டி ஒரு சாண் நீளம்கூட இருக்காது. ஐம்பதுகளில் வந்த சில கார்களில் திரும்புவதற்கு விட்டுவிட்டு எரியும் விளக்குகள் கிடையாது. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவிலிருக்கும் தூணில் நீளமாக ஒரு பொந்து இருக்கும். ஓட்டுகிறவர் விசையைத் திருப்பினால் அந்தப் பொந்திலிருந்து மஞ்சள் நிறத்தில் சின்னக் கை ஒன்று எழுந்து வெளியே நீளும். இந்தப் பக்கம் திரும்பப் போகிறேன் என்று பின்னால் வருகிறவருக்கு அது சொல்லும். ரயில்வே கைகாட்டியின் குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் முதலில் பார்த்தபோது அது டாக்டரம்மாவின் அடையாறு வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், செய்தித்தாளின் மேல், சேறு காய்ந்துபோய்க் கிடந்தது.

டாக்டரம்மா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் நெடுங்காலம் பல் மருத்துவமனை வைத்திருந்தவர். நான் தியாகராய நகரில் ஒரு பல் லேபில் வேலை பார்க்கிறேன். மருத்துவர்கள் அளவெடுத்து அனுப்பும் அச்சைப் பார்த்து பல்லுக்கு மேல் மாட்டும் கேப்பும், விழுந்த பல்லின் இடத்தை நிரப்பும் பிரிட்ஜும் செய்து கொடுப்பது எங்கள் வேலை. இருபது வருடத்துக்கு மேல் அவர் அனுப்பிய அச்சுகளுக்கான வேலையைப் பெரும்பாலும் நான்தான் செய்தேன். ஆனால் நேரில் பார்த்தது பத்துப் பன்னிரண்டு முறைதான் இருக்கும். எங்களுக்குள் பேச்சு எல்லாம் ஒரு துண்டுச் சீட்டில். 'விளிம்பு நன்றாகச் சேர்ந்திருக்கிறது' என்று அவர் கையெழுத்தில் எப்போதாவது வரும். அன்றைக்கு நான் கொஞ்சம் நிமிர்ந்து நடப்பேன்.

அவருக்குக் கை நடுக்கம் வந்ததும் மருத்துவமனையை மூடிவிட்டார். அதற்கு அடுத்த மழைக்காலத்தில் அடையாற்று வெள்ளம் அவர் வீட்டுக்குள் புகுந்தது. திருமணம் செய்துகொள்ளாதவர் அவர். அப்பா போன பிறகு அந்த வீட்டில் தனியாகவே இருந்தார். புகைப்படங்கள், கடிதங்கள், கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்த அப்பாவின் நோட்டுகள் எல்லாம் கூழாகிப் போயின. கொட்டகையில் நின்ற அப்பாவின் கார் இரண்டு நாள் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றுதான் எல்லாரும் சொன்னார்களாம். அவர் மட்டும் திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு மெக்கானிக் பாயை வரவழைத்தார்.

பாய் இன்ஜினைக் கழற்றி எடுத்துப்போனார். சின்னச் சின்னச் சாமான்களைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார்.

"அம்மா, இன்ஜினு, கியரு, பிரேக்கு இதெல்லாம் நான் பாத்துக்குறேன். இந்தப் பொடி சாமானுங்க என் கைக்கு நிக்காது. பல்லு கட்டுற ஆளுங்க யார்னா இருந்தா குடுங்க, கரெக்டா பண்ணுவாங்க."

விளையாட்டாகச் சொன்ன அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு டாக்டரம்மா எனக்குத் தொலைபேசியில் பேசினார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சைதாப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

நான் போவதற்குள் அவர் வேலையில் உட்கார்ந்திருப்பார். வாயில் அளவெடுக்கும் எஃகுத் தட்டுகளில் திருகாணி, சுருள்வில், கதவுப் பூட்டின் உள்பாகங்கள் என்று பிரித்து வைத்திருப்பார். பல்லில் படிந்த காரையைச் சுரண்டும் கொக்கியால் துருவைச் சுரண்டுவார். வலது கை நடுங்கும்போது இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நடுக்கம் அடங்கும்வரை ஜன்னலைப் பார்ப்பார். அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார். நான் உதவிக்குக் கை நீட்டினால், "இதை நான் பண்ணிடுவேன், நீங்க அதைப் பாருங்க" என்பார். வேகமானியின் பல்சக்கரங்களை நான் சுத்தம் செய்தேன். உடைந்த விசைக் குமிழ் ஒன்றைப் பல் செட் செய்யும் பிளாஸ்டிக்கிலேயே வார்த்துக் கொடுத்தேன். வாய்க்குள் பொருந்துகிற மாதிரி செய்து பழகியவனுக்கு ஒரு காரின் உள்பகுதி பெரிய மைதானம் போலத் தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு மிகவும் பிடித்திருந்தன.

இடதுபக்கக் கைகாட்டியை என்னிடம் கொடுத்த அன்று மட்டும் அவர் வழக்கத்துக்கு மாறாக நிறையப் பேசினார். கையைத் தூக்கிவிடுகிற பித்தளை நெம்பு ஒன்று அதற்குள் இருக்கிறது, கட்டைவிரல் நகம் அளவுதான். நடுவில் விரிசல் விட்டிருந்ததை யாரோ ஈயப் பற்று வைத்து ஒட்டியிருந்தார்கள். நெல் மணி அளவுக்கு ஒரு பொட்டு.

"அப்பா ஒட்டினது. நான் பல் மருத்துவப் படிப்புல சேரப் போனதுக்கு முந்தின சாயங்காலம், இதே மேஜையிலதான். வீட்ல அவர் கையால செஞ்சதுன்னு மிச்சம் இருக்கறது இப்ப இது ஒண்ணுதான். வேற எதை வேணும்னாலும் புதுசாப் பண்ணுங்க. இதைச் சுத்தம் மட்டும் பண்ணுங்க, போதும்."

அதை லேபுக்கு எடுத்துப்போனேன். உள்ளே கெட்டிப்பட்டிருந்த பழைய கிரீஸ் எதற்கும் அசையவில்லை. கொஞ்சம் சூடு காட்டினால் இளகிவிடும் என்று இடுக்கியில் பிடித்து விளக்குச் சுடரில் காட்டினேன். நாள் முழுக்க உலோகத்தை உருக்குகிறவன் நான். ஈயம் எவ்வளவு சீக்கிரம் உருகும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் அந்த ஒரு நொடியில் அது என் நினைவில் இல்லை. பொட்டு பளபளத்தது, உருண்டது, மேஜையில் பதித்த ஓட்டின் மேல் சொட்டாக விழுந்தது. நெம்பு இரண்டாகப் பிரிந்து அதன் பக்கத்தில் விழுந்தது.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இரண்டு துண்டுகளையும் சேர்த்து வைத்து மெழுகில் அதே வடிவத்தைச் செதுக்கினேன். தங்க நிறத்தில் கேப் செய்யப் பயன்படும் மலிவான உலோகத்தில் வார்த்தேன். பளபளப்பைக் குறைக்க டீத்தண்ணீரிலும் பழைய இன்ஜின் ஆயிலிலும் ஊறவைத்தேன். பிறகு செய்ததை எழுத எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது. நெம்பின் நடுவில் நெல் மணி அளவுக்கு ஈயத்தால் ஒரு பொட்டு வைத்தேன். அவருடைய அப்பாவின் பொட்டைப் போலவே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை அவர் கையில் கொடுத்தேன். பக்கத்தில் பாயும் இருந்தார். எட்டிப் பார்த்து, "இன்னா சார், புச்சு கணக்கா கீது!" என்று சிரித்தார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெம்பை இரண்டு விரல்களால் தடவினார், முன்னும் பின்னும். "நல்லா வந்திருக்கு" என்றார். பாயிடம் கொடுத்துவிட்டார்.

அதன் பிறகும் நான்கு மாதம் போய்வந்தேன். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. காபி கொடுப்பார், லேபில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பார். ஒவ்வொரு முறையும் இன்று சொல்லிவிடுவது என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறுவேன். வீட்டுப் படியேறும்போது அடுத்த வாரம் என்று தள்ளிப்போடுவேன். துண்டுகள் இரண்டையும் அந்த ஈயச் சொட்டையும் கேப் அனுப்பும் சின்னப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு, போகும்போதெல்லாம் சட்டைப் பையில் வைத்திருந்தேன்.

கார் ஓடிய அன்று பாய் அதை அடையாறு தெருக்களில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே திரும்பும் முன் விசையைத் தட்டினார். இடது கைகாட்டி டக்கென்று எழுந்து நின்றது. உள்ளே விளக்கு எரிந்தது. "அம்மா, கை தூக்கிடுச்சு பாரு!" என்று பாய் கத்தினார். டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்த பிறகு என்னால் தாங்க முடியவில்லை. பாய் கையலம்பப் போனதும் பெட்டியை எடுத்து அவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். "அன்னிக்கே தெரியும்" என்றார்.

நான் விழித்தேன்.

"இருபது வருஷம் உங்க வேலையை நோயாளிங்க வாய்க்குள்ள வச்சவ நான். விளிம்பை உருட்டிவிடுவீங்க, நாக்குல உறுத்தக் கூடாதுன்னு. கார் சாமானுக்கு நாக்கா இருக்கு? தடவினதும் இது உங்க கைன்னு தெரிஞ்சுபோச்சு."

"ஏன் மேடம் கேக்கல?"

நடுங்கும் கையை மற்ற கையால் பிடித்துக்கொண்டார். "கேக்கற யோக்கியதை எனக்கு இல்லை. ஒரு கல்யாணப் பொண்ணோட முன்பல் பிரிட்ஜ், ரொம்ப வருஷம் முன்னாடி. ஞாபகம் இருக்கா? லேப் தவறுன்னு எழுதித் திருப்பி அனுப்பினேன்."

ஞாபகம் இல்லாமலா இருக்கும்? அந்த ஒரு சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் லேப் முதலாளி என்னை முன்பல் வேலையிலிருந்து எடுத்தார். ஆறு மாதம் ஒரு மூலையில் நின்று மாவு கரைத்தேன், அச்சு ஊற்றுவதற்கான வெள்ளை மாவு. என்னிடம் வேலை கற்றவர்கள் என் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். மறுபடி என்னைப் பழைய இடத்தில் உட்கார வைத்த பிறகும் ஒவ்வொரு விளிம்பையும் மூன்று முறை பார்க்கும் வியாதி வந்துவிட்டது. போகப்போக என் கண் என்னை ஏமாற்றிவிட்டது என்றே நம்ப ஆரம்பித்தேன்.

"உங்க மேல தப்பே இல்லை" என்றார் டாக்டரம்மா. "அளவெடுத்து அனுப்பின அப்புறம் அந்தப் பொண்ணு வலிக்குதுன்னு வந்தா. பல்லை இன்னும் கொஞ்சம் தேய்ச்சேன். மறுபடி அளவெடுக்க மறந்துட்டேன். பிரிட்ஜ் வந்ததும் லூசா இருந்துச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பக்கத்துலயே நிக்கிறாங்க. லேப் தவறுன்னு வாயில வந்துடுச்சு. அப்புறம் அதையே சீட்டுலயும் எழுதினேன்."

பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "இன்னாச்சு, வண்டில ஏதாச்சும் சவுண்டு வருதா?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நான் கிளம்பிவிட்டேன்.

இரண்டு ஞாயிறு நான் போகவில்லை. என் தவறுக்கு மன்னிப்புக் கேட்கப் போனவன்தான். ஆனாலும் கோபம் அடங்கவில்லை. நான் உடைத்தது ஒரு நெம்பு, அவர் உடைத்தது என்னை, என்று மனசுக்குள் வாதாடிக்கொண்டிருந்தேன். பிறகு நானே, அந்தப் பொய்ப் பொட்டு மட்டும் சின்ன விஷயமா என்று கேட்டுக்கொள்வேன். இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாவது வாரம், வேலை நாள் ஒன்றில், லேப் மாடிப்படியில் யாரோ மெதுவாக ஏறி வரும் சத்தம் கேட்டது. இரண்டு மாடி, லிப்ட் கிடையாது. டாக்டரம்மா கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கினார். பின்னால் பாய், "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். முதலாளிக்கு அப்போதே எழுபது தாண்டிவிட்டது. பதறி எழுந்து நாற்காலி போட்டார். டாக்டரம்மா உட்காரவில்லை.

"சார், பல வருஷம் முன்னாடி ஒரு பிரிட்ஜை லேப் தவறுன்னு எழுதித் திருப்பி அனுப்பினேன். அது என் தவறு. இவர் வேலை சரியா இருந்துச்சு."

முதலாளி நெற்றியைச் சுருக்கினார். "எந்த பிரிட்ஜ்மா?"

அவர் கல்யாணப் பெண்ணைப் பற்றிச் சொன்னார், முன்பல் என்று சொன்னார், மாதத்தைக்கூடச் சொன்னார். முதலாளிக்கு எதுவும் நினைவுக்கு வரவில்லை. "எவ்வளவோ வந்துது, எவ்வளவோ போச்சு. அதுக்காகவா இந்த வெயில்ல வந்தீங்க? காபி சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

"உங்களுக்கு ஞாபகம் இல்லைன்னா பரவாயில்லை. இவங்க எல்லார் எதிர்லயும் நான் சொல்லணும்" என்றார். கொஞ்சம் குரலை உயர்த்தி, சொன்னதையே இன்னொரு முறை சொன்னார். பல் தேய்க்கும் சின்ன மோட்டார்கள் ஏழெட்டு எங்கள் அறையில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றாக நின்றது. அந்த அறை அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. டாக்டரம்மாவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இம்முறை அதை அவர் பிடித்து நிறுத்தவில்லை.

அவரைக் கீழே கொண்டுபோய் காரில் ஏற்றிவிட்டேன். கதவை மூடும்போது, "ஞாயித்துக்கிழமை வருவீங்களா?" என்றார். "வரேன் மேடம்" என்றேன். அவர் காலமாகும்வரை போய்வந்தேன்.

மாடிக்குத் திரும்பியபோது முதலாளி என் மேஜைப் பக்கம் வந்து நின்றிருந்தார். என்னை முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"இவங்க சொல்றாங்க, ஆறு மாசம் மாவு கரைச்சியாமே? நான்தான் நிக்க வச்சேனா?"

"ஆமா சார்."

"உன் மேல தப்பு இல்லேன்னா ஏன்யா அப்பவே வாயைத் திறந்து சொல்லல?"

"சொன்னேன் சார்" என்றேன்.

டாக்டரம்மாவுக்குப் போட்ட நாற்காலி காலியாகவே இருந்தது. முதலாளி அதை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அறையில் மோட்டார்கள் ஒவ்வொன்றாக மறுபடி ஓட ஆரம்பித்தன.