இரண்டு பிடி வைத்த ரம்பம்

எம். புதுப்பட்டித் தோட்டத்தில் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தை அறுக்க, போன மாதம் மகன் செயின்சா என்கிற மெஷின் ரம்பம் ஒன்று வாங்கக் கிளம்பினான்; நானும் கூடப் போனேன். இரண்டாயிரமாவது வருடம் பிறந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் மெஷின்தான். விருதுநகர்க் கடையில் அவன் கை நேராகப் பெரியதற்குத்தான் போனது. கடைக்காரர் தடுத்தார். "மரம் எம்புட்டு மொத்தம்? யாரு பிடிக்கப் போறீக?" கைப்பருமன் மரம், பிடிப்பவன் அவனேதான் என்றதும் சின்னதை எடுத்து வைத்தார். "பெருச வாங்குனா உங்க இடுப்பத்தான் முதல்ல அறுக்கும்" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்தும் ஒருவருக்குப் பெரிய ரம்பத்தை விற்றவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது.

என் அத்தாவின் இரும்புக்கடை இதே விருதுநகரில்தான் இருந்தது. இரு முனையிலும் பிடி வைத்து, ஆளுக்கொரு பக்கம் நின்று இழுக்கும் நீள ரம்பம் ஒன்று அங்கே விலைபோகாமல் தொங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போகும்போது அத்தா, "ஆணி கேட்டா குடு. மத்தது எதையும் தொடாதலே" என்றார். அந்த ரம்பத்தை நான் விற்றுவிட்டால் வீடெல்லாம் என் பேச்சாக இருக்கும் என்று தோன்றியது.

தாயில்பட்டியிலிருந்து ஒரு அக்கா வந்தார். காற்றில் உடைமரம் ஆட்டுக்கொட்டகை மேல் சாய்ந்துவிட்டது, மழைக்குள் அறுத்தெடுத்துக் கூரை போட வேண்டும், புருஷன் இல்லை, ஒத்தையாள், ஒரு கைரம்பம் வேண்டும் என்றார். நான் பெரியதைக் காட்டினேன்.

"இதுல ரெண்டு பிடி இருக்கே தம்பி?"

"ஒரு பக்கம் நின்னு கை வலிச்சா அந்தப் பக்கம் போய்ப் பிடிக்கலாம்க்கா."

வாய்தவறி வந்த பொய் அல்ல. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தயார் செய்தது. அவர் நம்பினார். ரம்பத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். அது முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே போனது. ரெண்டு ஆள் வந்து வாங்கினார்கள் என்று அத்தாவிடம் இன்னொரு பொய் சொன்னேன். சாயங்காலம் எனக்கு மட்டும் காரச்சேவு கிடைத்தது.

அடுத்த வாரம் அந்த அக்கா கடையேறி வந்ததும் கயிற்றுக் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"ஏன் பாய், உங்க மகன் இப்படிப் பண்ணலாமா?"

தனியாக இழுத்ததில் ரம்பம் வளைந்து மரத்துக்குள் சிக்கிக்கொண்டதாம். அவர் உட்கார்ந்து அழுதிருக்கிறார். வேலிக்கு அந்தப் பக்கம், நாலு வருடமாகப் பேசாத ஓரகத்தி அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்.

"சிரிச்சவ, 'அடி கூறுகெட்டவளே, இது ரெண்டாள் ரம்பம்டி'ன்னு வேலியத் தாண்டி வந்து அங்கிட்டுப் பிடிச்சுக்கிட்டா பாய். பொழுது சாயமுன்ன அம்புட்டும் அறுத்துட்டோம்."

அத்தா தலை குனிந்தபடி ஒரு கைரம்பத்தை எடுத்து, மாற்றிக்கொள்ளச் சொன்னார்.

"வேணாம் பாய். அது இருந்தாத்தான் அவ வருவா."

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். நல்ல ரம்பமாகப் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறோம் என்ற நினைப்பு. மன்னிப்புக் கேட்கவில்லை. ஓரகத்தி சிரித்ததோடு நின்றிருந்தால் அந்த ஆடுகள் என்னவாகியிருக்கும் என்று யோசிக்கவும் இல்லை. இன்று யோசிக்கிறேன். மன்னிப்புக் கேட்பதற்கு இப்போது அந்த அக்கா இல்லை.

அதன்பின் வருடம் தவறாமல் பல் தீட்ட அந்த ரம்பம் எங்கள் கடைக்கு வந்தது. இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசியபடி வருவார்கள். முதல் நாள் அந்த அக்கா ஒருவராகவே அதைத் தலையில் சுமந்து போனதைப் பார்த்தவன்தான் நான். ஆனாலும், ரம்பத்துக்கு வயதாக ஆகக் கனம் கூடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.