முசே ஃப்ரெடெரிக்கின் படகுக்கு ஞானஸ்நானம்

எதிர்வீட்டு முசே ஃப்ரெடெரிக் கப்பல் வாங்கிவிட்டார் என்று எங்கள் உப்பளம் பகுதி முழுவதும் பேச்சு. கப்பல் இல்லை, மோட்டார் படகுதான். சென்னைத் தொழிலதிபர் ஒருவர் ஆசைப்பட்டு வாங்கி, அலுத்துப்போய் விற்றது. உள்ளே சோபா, குட்டி ஃபிரிட்ஜ், படுக்க இரண்டு கட்டில்.

முசே என்றால் பிரெஞ்சில் ஐயா; இவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். ராணுவம் என்றதும் பீரங்கியை நினைத்துவிடாதீர்கள், அவர் பார்த்தது சமையல்கட்டு. கடலோடு அவருக்கு இருந்த உறவெல்லாம் சாயங்காலம் பீச்சில் நடப்பது மட்டும்தான்.

பின் எதற்குப் படகு? மகள் லெத்திசியாவுக்காக. பாரீஸ் பக்கம் இருக்கும் அவள், சில வருடங்களாக ஆகஸ்டு லீவுக்கு ஊர்ப்பக்கம் வருவதில்லை. பிள்ளைகளோடு ஸ்பெயினுக்குப் போய்விடுகிறாள். ஒருமுறை போனில், "பிள்ளைங்களுக்கு அங்க என்ன பப்பா இருக்கு?" என்று கேட்டுவிட்டாள். மனுஷர் அதைப் பிடித்துக்கொண்டார். படகு இருந்தால் மகள் வருவாள். அவ்வளவுதான் கணக்கு.

படகுக்கு மகள் பேரையே எழுதினார். பிரெஞ்சுக்காரர்கள் வழக்கப்படி படகின் ஞானஸ்நானத்துக்குத் தாய் ஸ்தானத்தில் நிற்கும் ஞானத்தாயும் அவள்தான். சர்ச் சாமியார் மந்திரிக்க, ஞானத்தாய் ஷாம்பெய்ன் ஊற்ற, அப்புறம்தான் படகு கடலில் இறங்கும் என்று எங்களிடம் சொல்லிவிட்டார். அதுவரை வருடக்கணக்காகத் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் கயிறு கட்டிக் கிடந்தது. ஞாயிறு தவறாமல் எங்களையெல்லாம் அழைத்துப்போய் சோபாவில் உட்காரவைத்து, கட்லெட்டும் கண்ணாடி டம்ளரில் மதுவும் கொடுப்பார். நின்ற இடத்திலேயே நாங்கள் உல்லாசப் பயணம் போனோம். ஓசிக் கட்லெட்டைக் குறை சொல்லக் கூடாது, நன்றாகவே இருந்தது.

"ஏங்க, எஞ்சினையாவது கொஞ்சம் போட்டுப் பாருங்க. நம்ம ஸ்கூட்டரே ரெண்டு மாசம் ஓட்டலன்னா ஸ்டார்ட் ஆவ மாட்டேங்குது" என்றார் அவர் மனைவி ஜெர்மேன்.

"ஞானஸ்நானம் ஆவாத கொழந்தய ஊரு சுத்தவா கூட்டிம்போவாங்க?" என்றார் முசே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞானஸ்நானத்தில் கழுவ, படகுக்கு ஏதய்யா ஜென்மபாவம்? கேட்கவில்லை, வாயில் கட்லெட் இருந்தது.

ஒருவழியாகப் போன ஆகஸ்டில் லெத்திசியா பிள்ளைகளோடு வந்து இறங்கினாள். முசே வெள்ளைச் சட்டையும் கேப்டன் தொப்பியும் போட்டுக்கொண்டு நின்றார். சாமியார் தீர்த்தம் தெளித்தார். லெத்திசியா ஷாம்பெய்ன் ஊற்றினாள். கைதட்டினோம். முசே சாவியைத் திருகினார்.

ஒரு முனகல். அப்புறம் அதுவும் இல்லை.

திருகித் திருகிப் பார்த்தார். மூடியைத் திறந்து எஞ்சினுக்குள் கைவிட்டார். வெள்ளைச் சட்டை கறுத்தது. பேரன் மத்தியோ, "எப்பப் போவும்?" என்று பிரெஞ்சில் கேட்டுக்கொண்டே இருந்தான். சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். வருடக்கணக்காகக் கிண்டல் செய்த எனக்கே அப்போது சிரிப்பு வரவில்லை. அந்த முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"நாளைக்கி மெக்கானிக் வந்துடுவான்மா. ரெண்டு நாள்ல ரெடி பண்ணிடறேன். நீ திரும்பிப் போற டிக்கெட்ட முன்னாடி மாத்திடாத" என்றார், தலையை எஞ்சினிலிருந்து எடுக்காமலே.

லெத்திசியா அவர் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"பப்பா, போன் பண்ணா போட்டுக்குப் பெயின்ட் அடிச்சேன், சோபா மாத்தினேன்னு சொல்லுவீங்க. ஒரு தடவையாவது என்னை வான்னு கூப்பிட்டீங்களா? அங்க என்ன இருக்குன்னு நான் கேட்டது, 'நான் இருக்கேன், வா'ன்னு சொல்லுவீங்கன்னுதான்."

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். எங்கள் முசே மகளிடம் வாய்விட்டு ஒன்று கேட்டதே கிடையாது. கேட்பதைவிடக் கப்பல் வாங்குவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

ஜெர்மேன் துண்டை நீட்டினார். முசே வாங்கவில்லை. கறுத்த கையோடு மகள் பக்கம் திரும்பினார்.

"அடுத்த வருசமும் வாம்மா" என்றார். "போட்டு ஓடாது. ஆனாலும் வா."