யாரும் கூப்பிட்டு அழாத பேர்

வெளிநாட்டுப் பேர்கள் என்றாலே எனக்கு எரிச்சல். என் வேலை அப்படி. மலை மேலிருக்கும் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் சுற்றுலாக்காரர்களுக்காக ஒரு டீக்கடை நடத்துகிறார்கள். சரிவைப் பார்த்து நாற்காலி போட்டு, டீயும் ஸ்கோன் ரொட்டியும் கொடுக்கிற இடம். நான் கவுண்டரில் நிற்கிறவள். ஆர்டர் எடுக்கும்போது வந்தவரின் பேரைக் கேட்க வேண்டும். தட்டு தயாரானதும் அந்தப் பேரைச் சத்தமாகக் கூப்பிட வேண்டும். புது மானேஜர் வைத்த சட்டம். ஆளுக்கொரு நம்பர் கொடுத்தால் போதாதா? பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் அன்பாக இருக்குமாம். ஐரோப்பாக்காரர் ஒருவர் பேரைச் சொல்லி முடிப்பதற்குள் என் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். நான் கூப்பிடுகிற அழகில் அவருக்கே அது தன் பேர் என்று தெரியாது, டீ ஆறிப்போகும். திட்டு வாங்குவது யார்? நான்தான்.

இப்படி இருந்த நான் ஒரு பேரின் பின்னால் பைத்தியமாக அலைந்த கதை இது.

என் தம்பி கோலா தெர்லாவிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கீழே போகிற லோரி ஓட்டுகிறவன். அவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் மூன்றாவதாக ஒரு பெண் குழந்தை பிறந்தது, ஏழு மாதத்திலேயே. மலைக்குக் கீழே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூன்றாவது என்று சொல்கிறேனே தவிர, வீட்டில் ஒரு குழந்தையும் இல்லை. முதல் இரண்டும் பிறந்து சில நாளிலேயே போய்விட்டன. எங்களுக்குள் முப்பதாம் நாள் கழித்துத்தான் பேர் வைப்போம். அந்த இரண்டும் அதுவரை இருக்கவில்லை. அதனால் அவர்களைப் பற்றிப் பேச வேண்டி வந்தால், "மொதல்ல போனது", "ரெண்டாவது போனது" என்றுதான் பேசுவோம். வேறு எப்படிச் சொல்வது?

ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி பெண்டாட்டி போன் பண்ணினாள்.

"அண்ணி, இவளுக்கு முப்பது வரைக்கும் காத்திருக்க வேணாம். இப்பவே பேரு வச்சிரணும். இவளும் பேரில்லாம போயிறக் கூடாது."

"போகமாட்டா. சும்மா இரு."

"போகட்டும், போகாம இருக்கட்டும். எனக்கு இவள ஒரு பேரு சொல்லிக் கூப்பிடணும் அண்ணி. நீங்கதான் வந்து சொல்லணும்."

நான்தான் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் அது அத்தை முறை. அப்பாவோடு பிறந்தவள் குழந்தையின் காதில் மூன்று தரம் பேரைச் சொன்னால்தான் அது பேர். மற்றவர்கள் அதற்குப் பிறகுதான் கூப்பிடலாம்.

தம்பிக்கு இதில் இஷ்டமில்லை. அவனைப் பிடிக்க கோலா தெர்லாவுக்கே போனேன். முட்டைக்கோஸ் கூடைகளை லோரியில் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"பேரு வச்சப்புறம் போயிட்டாள்னா என்னக்கா பண்றது? பேரில்லாதத மறக்கிறதே எனக்கு முடியல. பேரு வச்சத எப்படி மறப்பேன்? வீட்டுக்கு வரட்டும் லா. அப்புறம் ஊரக் கூட்டி வைக்கலாம்."

"வாயக் கழுவுடா," என்று கத்தினேன். ஆனால் அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவன் ஒவ்வொரு நடையின்போதும் ஈப்போவுக்குள் லோரியைத் திருப்பி, பெண்டாட்டிக்குச் சாப்பாடும் மாற்றுத்துணியும் கொடுத்துவிட்டு, வார்டுக்கு வெளியே கண்ணாடிக்குப் பின்னால் நின்றுவிட்டுத் திரும்பிவிடுவான். உள்ளே போனதே இல்லை. குழந்தையை ஒரு விரலால்கூடத் தொட்டதில்லை.

நான் அவனைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. கோயில் ஐயரிடம் போனேன். முப்பது கழியாமல் என்ன அவசரம் என்று முதலில் அவர் குதித்தார். விஷயத்தைச் சொன்னதும் அடங்கி, ரேவதி நட்சத்திரம், 'தே', 'தோ', 'ச', 'சி' என்று எழுத்து எடுத்துக் கொடுத்தார். குறில் நெடில் பார்க்க வேண்டாம், சத்தம் வந்தால் போதும் என்றார். தம்பி பெண்டாட்டிக்குப் போனில் சொன்னேன். அவள் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டாள்.

"சாமி குடுத்ததுன்னு அர்த்தம் வரணும் அண்ணி. இன்னொண்ணு, யாரும் வச்சு, கூப்பிட்டு, அழுத பேரா இருக்கக் கூடாது."

நல்ல நிபந்தனை! நான் சொன்ன ஒவ்வொரு பேருக்கும் அவள் ஒரு சாவை வைத்திருந்தாள். ஒன்று ரிங்லெட்டில் காய்ச்சலில் போன அவள் சித்தி. இன்னொன்று அவள் கூடப் படித்து, மோட்டார் சைக்கிளில் போய் விழுந்தவள். மற்றொன்று எங்கள் லயத்து வரிசையில் கடைசி வீட்டுக் கிழவி. "அந்தம்மா தொண்ணூறு தாண்டிப் போனவங்கடி!" என்றேன். "போனவங்கதானே?" என்றாள். தமிழில் இருக்கிற அழகான பேரையெல்லாம் இப்படியே தள்ளிவிட்டாள். எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது.

மறுநாள் கடையில் நல்ல கூட்டம். போலந்திலிருந்து வந்த அம்மா ஒருத்தி, வெயிலில் சிவந்துபோன மூக்கோடு நின்றாள். அவள் சீட்டில் எழுதிக் கொடுத்த பேரைப் பார்த்து "டொரோட்டா!" என்று கூப்பிட்டேன். அவள் தட்டை வாங்கிக்கொண்டு சிரித்தபடி, "தொரோத்தா," என்று திருத்தினாள். வெள்ளைக்காரி வாயிலிருந்து நம்முடைய 'தொ' வந்து விழுந்தது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. வரிசையில் நின்றவர்களைப் பற்றிக் கவலைப்படாமல், இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன்.

"கடவுளின் பரிசு," என்றாள் அவள்.

அடேயப்பா! நான் கவுண்டரைப் பிடித்துக்கொண்டேன்.

கூட்டம் குறைந்ததும் அவள் மேசைக்குப் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். இது போலந்துப் பேரே இல்லை, கிரேக்கத்திலிருந்து வந்தது என்றாள். 'தோரோன்' என்றால் பரிசு. 'தேயோஸ்' என்றால் கடவுள். பரிசை முன்னால் வைத்தால் தொரோத்தேயா. கடவுளை முன்னால் வைத்தால் தேயோதோரா. இரண்டும் ஒரே இரண்டு சொல்தான், இடம்தான் மாறியிருக்கிறது. எனக்கு ஐயர் கொடுத்த 'தே'யும் 'தோ'வும் அங்கே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. யூனிபார்மில் இருந்ததால் பிடிக்கவில்லை.

அதற்குப் பிறகு வந்தவர்களை நான் விடவில்லை. எந்த நாடு என்று கேட்பேன். இந்தப் பேர் உங்கள் ஊரில் உண்டா என்று கேட்பேன். பிரான்சுக்காரி, "தொரோத்தே, என் சின்னம்மா," என்றாள். இத்தாலிக்காரர் "தொரோத்தேயா" என்று பாட்டுப் பாடுகிற மாதிரி இழுத்தார். இங்கிலீஷ்காரர்களிடம் அது டோரத்தி. டென்மார்க்கிலிருந்து வந்த பையில்லாத நடைப்பயணி, "எங்கள் ஊரில் தோர்தே," என்று பாதியை விழுங்கிச் சொன்னான். ஹங்கேரிக்காரி சொன்னதை நான் மூன்று தரம் கேட்டும் பிடிக்க முடியவில்லை. கடைசியில் 'ச'வுக்கும் 'த'வுக்கும் நடுவில் எங்கேயோ போய் முடிந்தது. ருமேனியாவிலிருந்து வந்த புதுத் தம்பதியர் தங்களுக்குப் பெண் பிறந்தால் தேயோதோராதான் என்று ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தார்களாம். ரஷ்யாக்காரர் ஒருவர், தங்கள் ஊரில் அந்தத் 'தே' எப்போதோ 'ஃபே' ஆகிவிட்டது என்றார். ஆணுக்கு ஃபியோதர், பெண்ணுக்கு ஃபியோதோரா. அதுவும் இதே பேர்தானா! நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். டீ ஆறியது. மானேஜர் முறைத்தார். முறைக்கட்டும்.

யோசித்துப் பார்த்தால் பயமாகக்கூட இருந்தது. ஒரு பேர் ஒரு ஊரில் கிளம்பி, பனியில் நடந்து, கடலில் போய், ஒவ்வொரு வாயிலும் தேய்ந்து, உருண்டு, உடைந்து, ஆனால் அர்த்தத்தை மட்டும் கீழே போடாமல் இத்தனை நூறு வருஷம் வந்திருக்கிறது. நாங்கள் ஒரு டம்ளரை லயத்திலிருந்து மலை வரைக்கும் உடையாமல் கொண்டுபோக மாட்டோம். தானா ராத்தாவில் நான் வழக்கமாகச் சாப்பிடுகிற தமிழ் முஸ்லிம் கடை பாயிடம் இதைச் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "இதுல என்ன அதிசயம்? எங்க ஊர்ப்பக்கம் அல்லாபிச்சைன்னு வைக்கிறோம்ல, அதுதானே இது?" என்றார். அட, ஆமாம். எனக்கு அதிசயம் குறையவில்லை, கூடித்தான் போயிற்று.

அந்த வாரக் கடைசியில் கிரேக்கத்திலிருந்தே ஒருவர் வந்துவிட்டார். தலை நரைத்த மனிதர், மகளோடு வந்திருந்தார். அசல் ஊர்க்காரர் எப்படிச் சொல்கிறார் என்று கேட்டுவிட வேண்டுமென்று போய் நின்றேன். அவர் கையிலிருந்த ஸ்கோனைத் தட்டில் வைத்தார். "தொரோத்தேயா," என்றார், மெதுவாக. திரும்ப ஒரு தரம் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது அவருடைய அம்மா பேர் என்று மகள் சொன்னாள். போன வருஷம்தான் போனார்களாம்.

தம்பி பெண்டாட்டி என்ன கேட்டாள்? யாரும் கூப்பிட்டு அழாத பேர் வேண்டுமென்றல்லவா கேட்டாள்? என் கண்முன்னாலேயே ஒருவர் அழுகிறார். ஒருவரா? இத்தனை நாடு, இத்தனை காலம், எத்தனை வீட்டில் இந்தப் பேரைச் சொல்லி மாரடித்துக்கொண்டிருப்பார்கள்! உலகத்திலேயே அதிகம் பேர் அழுத பேரைத் தேடிப் பிடித்து வைத்திருக்கிறேனே, நான் ஒரு கூமுட்டை.

அன்றைக்கே ஈப்போவிலிருந்து போன் வந்தது. குழந்தைக்கு மூச்சு சரியில்லை, உடனே வாங்க. தம்பி லோரியை எடுத்துக்கொண்டு வந்து லயத்து முன்னால் நிறுத்தினான். சிம்பாங் பூலாய் ரோடு வழியாக மலையிறங்கினோம். வேறு பேர் தேட எனக்கு நேரமும் இல்லை, புத்தியும் ஓடவில்லை. ஆஸ்பத்திரி முன்னால் லோரியை நிறுத்தியதும், "பேரு வைக்கத்தான் வர்றியாக்கா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

வார்டு வாசலில் தம்பி பெண்டாட்டி நின்றிருந்தாள். நான் எதையும் மறைக்கவில்லை. பேரைச் சொன்னேன், அர்த்தத்தைச் சொன்னேன், போலந்து, பிரான்சு, ரஷ்யா எல்லாம் சொன்னேன். கிரேக்கக்காரர் அழுததையும் சொன்னேன்.

"நீ கேட்ட மாதிரி கெடைக்கலம்மா. இது ரொம்பப் பேரு அழுத பேரு. ஒனக்கு வேணாம்னா சொல்லிரு, வேற பாத்துக்கலாம்."

அவள் சுவரில் சாய்ந்து யோசித்தாள். முகம் வீங்கியிருந்தது.

"அத்தன பேரு அழுதாங்கன்னா, அத்தன அம்மாவும் சாமிகிட்ட புள்ள கேட்டிருக்காங்க அண்ணி. அத்தன பேருக்கும் கெடைச்சிருக்கு. கெடைச்சதுனாலதானே இந்தப் பேர வச்சாங்க?" என்றாள். "எனக்கு இதுவே போதும். உள்ள போய் சொல்லுங்க."

இப்படி ஒரு பக்கம் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை நாள் இந்தப் பேரோடு திரிந்தவள் நான். அதைப் புரிந்துகொண்டவள் அவள்.

உள்ளே அம்மா அப்பாவுக்கு மட்டும்தான் அனுமதி. மலாய்க்கார நர்ஸிடம் கெஞ்சினேன், காதில் பேர் சொல்ல வேண்டும், அது என் முறை என்று. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நாங்களும் பிறந்ததும் காதில்தான் பாங்கு சொல்வோம் மக்சிக்," என்று என்னை அத்தையாக்கி மலாயில் சொல்லிவிட்டு, கைகளைக் கழுவ வைத்து, ஒரு பச்சை அங்கியையும் முகமூடியையும் எடுத்துக் கொடுத்தாள்.

என் மருமகள் என் முழங்கை நீளத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தாள், அவ்வளவுதான். நர்ஸ் பெட்டியின் வட்டக் கதவைத் திறந்துவிட்டாள். காது இருக்கிற இடத்தையே தேட வேண்டியிருந்தது. குனிந்து சொன்னேன். "தொரோத்தேயா. தொரோத்தேயா. தொரோத்தேயா." இந்தப் பேரைக் காதில் வாங்கிய எல்லாரும் எனக்குப் பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது. அவள் நெற்றியைச் சுளித்தாள். நல்ல கோபக்காரி. இப்போது வளர்ந்து என் கைப்போனைப் பிடுங்கிக்கொண்டு லயத்து வாசலில் ஓடும்போதும் அதே சுளிப்புதான், அத்தையை உரித்து வைத்திருக்கிறாள்.

நான் நகர்ந்ததும் அவள் அம்மா பெட்டிக்கு அருகில் வந்து பேரைச் சொல்லிப் பார்த்தாள். நாக்கில் உட்காரவில்லை. இன்னொரு தரம் சொன்னாள். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். தம்பி வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

எங்கள் லயங்களில் பிள்ளை பெற்றவள் புருஷனை "ஏங்க" என்று கூப்பிடுவதில்லை. பிள்ளை பேரைச் சொல்லி, இன்னாரின் அப்பா என்றுதான் கூப்பிடுவாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து, இரண்டு பிள்ளை பெற்ற பிறகும், இவளுக்கு "ஏங்க"தான் இருந்தது.

அவள் போய்க் கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள்.

"தொரோத்தேயா அப்பா," என்று கூப்பிட்டாள்.

அவன் வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தான். பின்னால் யாரும் இல்லை. அவள் மறுபடியும் கூப்பிட்டாள். அவன் நர்ஸிடம் போய், கை கழுவுகிற இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டான்.