எது நல்ல கால்?

உடம்புக்குள் தங்கிவிட்ட எறிகணைச் செல்லின் துண்டை எங்கள் பக்கத்தில் பீஸ் என்றுதான் சொல்வார்கள். எனக்கு வலது முழங்காலுக்குச் சற்று மேலே ஒன்று இருக்கிறது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு முள்ளிவாய்க்கால் மணலில் நடந்தபோது பட்டது. அவளுக்கு அப்போது பேச்சு முழுதாக வரவில்லை. அவளுடைய அப்பா அங்கிருந்து எங்களோடு வெளியே வரவில்லை. முகாமில் காயத்தைப் பார்த்தவர்கள், எடுப்பதைவிட விடுவது நல்லது என்று தைத்து அனுப்பினார்கள்.

இங்கே பீஸ் உள்ளவர்கள் நிறையப் பேர். அதனால் பீஸைப் பற்றிய அறிவுக்கும் குறைவில்லை. மழைக்கு முன் அது குத்தும். சூடு வைத்தால் இடம் மாறும். காலை அதிகம் ஆட்டினால் ஓடும். ஓடினால் எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். ஆனாலும் அந்தக் காலை ஆட்டாமல்தான் வைத்திருந்தேன். வகுப்பில் கதிரையில் இருந்தபடியே படிப்பித்தேன். மாதா கோயிலில் எல்லோரும் முழந்தாளிடும் நேரத்தில் நான் வாங்கிலேயே உட்கார்ந்திருப்பேன். புதிதாக வந்த யாராவது திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் இருப்பவர், “அவவுக்குப் பீஸ்” என்று மெதுவாகச் சொல்வார். பிறகு யாரும் பார்ப்பதில்லை.

கடந்த சில வருடங்களாக முழங்கால் நோ கூடிக்கொண்டு வந்தது. காலையில் கட்டிலை விட்டு எழும்பினால் முதல் அடிகளுக்குக் கால் மடங்காது. மலசலகூடத்தில் குந்தி எழும்ப முடியாமல் போனபோது மகள் கத்தியைச் சூடாக்கி, பிளாஸ்டிக் கதிரையின் நடுவை வெட்டி, குழிக்கு மேலே வைத்தாள். நாட்டு வைத்தியம் செய்கிற பரியாரியார் ஒருவர் எண்ணெய் தந்தார். பூசும்போது சுகமாக இருந்தது. நடக்கும்போது பழையபடி. ஒத்தடமும் பிடிக்கச் சொன்னார். சூடு பீஸுக்குக் கூடாது என்று அதை மட்டும் செய்யவில்லை.

அந்த நிலையில்தான் மகளுக்கு மலைநாட்டில் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது.

“நான் போகேல்லை,” என்றாள்.

“ஏன்?”

“உங்கட காலோட ஆர் நிக்கிறது?”

“கால் என்ன, நேற்றே பழுதாப்போனது?”

“எனக்கு வந்த பீஸ்தானே அது.”

அவளாகக் கண்டுபிடித்த வார்த்தை இல்லை அது. சின்ன வயதில் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்தாலும், படிக்காமல் விளையாடினாலும், சொந்தக்காரர்கள் இதைத்தான் சொன்னார்கள்: உனக்கு வந்த பீஸை அம்மா வாங்கினவ. நல்லதற்குத்தான் சொன்னார்கள். கேட்டுக்கேட்டு அவள் அதற்குள்ளேயே வளர்ந்துவிட்டாள்.

பதிவதற்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. பீஸை எடுத்துவிட்டால் போய்விடுவாள் என்று கணக்குப் போட்டேன். அதைக் கேட்கத்தான் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனேன். அவளும் கூட வந்தாள்.

டொக்டர் இளம் ஆள். இரண்டு முழங்கால்களையும் நின்றபடி எக்ஸ்ரே படம் எடுத்து வரச் சொன்னார். பீஸ் வலதில் மட்டும்தான் என்றேன். “எடுத்துக்கொண்டு வாங்கோவன் அம்மா,” என்றார்.

படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். மகள் அந்தப் பீஸை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். உளுந்து அளவில் வெள்ளையாக இருந்தது.

“இவ்வளவுதானோ?” என்று கேட்டாள்.

நான் பெட்டியின் அடியில் வைத்திருந்து கொண்டுபோன, முகாம் காலத்துப் பழைய படத்தை டொக்டர் பக்கத்தில் வைத்தார். “நிண்ட இடத்திலயே நிக்குது. தசைக்குள்ள இருக்குது, மூட்டுக்குள்ள இல்லை. அது சும்மா இருக்குது, நாங்களும் சும்மா விடுவம்.”

“அப்ப நோ?”

“நோ வேற. இஞ்ச பாருங்கோ, ரெண்டு எலும்புக்கும் நடுவில இருக்கிற இடைவெளி குறைஞ்சு போச்சு. இது முழங்கால் தேய்வு. இடது காலில இன்னும் கூட.”

“இடதிலே பீஸ் இல்லையே, டொக்டர்.”

“அதைத்தான் அம்மா நானும் சொல்லுறன்.”

எனக்கு முதலில் வந்தது கோபம். யாரில் என்று தெரியவில்லை. தேய்வு என்பது என் வயதுப் பெண்களுக்கு எந்த ஊரிலும் வருவது. செல் விழாத ஊர்களிலும் வருவது.

மகள் கேள்விகளைத் தொடங்கியிருந்தாள். மூட்டை மாற்ற முடியாதா என்று கேட்டாள். மாற்றலாம், ஆனால் அது கடைசி வழி, இப்போது அந்தக் கட்டம் வரவில்லை என்றார். மூட்டுக்குள் ஊசி போட்டால் வீக்கமும் நோவும் சில கிழமைகளுக்குக் குறையலாம். அடிக்கடி போடக் கூடாது. எனக்கு இரத்த அழுத்தம் இருப்பதால், நோ மாத்திரைகளைக் கேட்காமல் வாங்கிப் போட வேண்டாம், பூசுகிற மருந்தில் தொடங்குவோம் என்றார். நிறையைக் குறைக்கச் சொன்னார். தேய்ந்தது திரும்ப வளராது என்பதையும் மறைக்கவில்லை.

“முதல் மருந்து பயிற்சியும் நடையும்தான்,” என்றார்.

“நடந்தால் இன்னும் தேயாதோ?”

“மூட்டைத் தாங்கிறது தொடைத் தசைதான். உங்கட தொடையைப் பாருங்கோ அம்மா.”

வலது தொடை இடதைவிட மெலிந்திருந்தது. தினமும் அதற்குத்தான் எண்ணெய் பூசினேன், கண்ணில் படவில்லை.

“எவ்வளவு காலமா இந்தக் காலை ஆட்டாமல் வைச்சிருக்கிறா?” என்று மகளிடம் கேட்டார்.

“எனக்குப் பேச்சு வந்த நாளில இருந்து,” என்றாள்.

அடுத்த அறையில் பயிற்சி சொல்லித் தருகிற பெண் இருந்தாள். முழங்காலுக்குக் கீழே துவாயைச் சுருட்டி வைத்து அழுத்தச் சொன்னாள், பிறகு காலை நீட்டியபடி தூக்கச் சொன்னாள். நான் பயந்து பயந்து தூக்கினேன். “வலதுக்கு இவ்வளவு காலமும் நல்ல செல்லம்தான். எல்லாத்தையும் பாவம் இடது சுமந்திருக்குது,” என்றாள். சுடுதண்ணீர் ஒத்தடம் பிடிக்கலாம், ஒன்றும் ஓடாது என்றாள். கடைசியில் படி ஏறி இறங்குகிற பாடத்துக்கு வந்தாள்.

“ஏறேக்க நல்ல கால் முதல்ல. இறங்கேக்க வருத்தக் கால் முதல்ல.”

“எது பிள்ளை நல்ல கால்?”

அவள் என் இரண்டு கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள். “அன்ரி, அண்டண்டைக்கு எது குறைய நோகுதோ, அது நல்ல கால்.”

மகள் சிரித்தாள். அனுமதி வந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அப்போதுதான்.

பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்தவள், கன தூரம் போன பிறகு, “அப்ப அது என்னால இல்லை,” என்றாள்.

“பீஸ் பட்டது பட்டதுதான். நோ வேற.”

“அப்ப எல்லாரும் சொன்னது?”

“அவையளுக்கும் தெரியாதுதானே.”

வீட்டுக்கு வந்ததும் அலுமாரியின் மேலிருந்த பெரிய பையை இறக்கித் தூசி தட்டினாள்.

நோ போய்விடவில்லை. துவாயைச் சுருட்டி வைத்துக் காலைத் தூக்குகிறேன். தொடை கொஞ்சம் இறுகியிருக்கிறது; கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்புகிற நாட்களும் உண்டு. முழந்தாளிட முடியவில்லை. கோயிலில் யாராவது கேட்டால் தேய்வு என்கிறேன். அவர்கள் உடனே தங்கள் முழங்காலைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

மகளை விடுதியில் விட நானும் போனேன். பஸ்ஸில் போகும்போதே, இவள் ஒரு நாள் போனை எடுக்காவிட்டால் என்ன செய்வேன் என்று நினைக்கத் தொடங்கிவிட்டேன். அந்த இடம் முழுக்க ஏற்றம். விடுதி வாசலுக்கே படிகளில்தான் போக வேண்டும். அவள் பையோடு முன்னால் ஏறியவள், திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, நல்ல கால் முதல்ல.”

அன்று இடது காலில்தான் நோ அதிகம். கைபிடியைப் பிடித்துக்கொண்டு, பீஸ் இருக்கிற காலை முதற்படியில் வைத்தேன்.