அரிசி வாளியிலிருந்து எடுத்த நீலம்

கத்தி எங்கே என்று கேட்டால், இல்லாத கத்தியை இல்லை என்றுதானே சொல்ல முடியும்? அந்தக் காலையில் அதைவிடப் பெரிய பொய் உலகத்தில் இருக்கவில்லை.

எங்கள் வீட்டுக்குக் கத்தி வந்ததே கிடையாது, கைப்பிடிதான் வரும். பல்லேகலயில் என் கணவரின் சிநேகிதர் ஒருவர் சின்னப் பட்டறை வைத்து வெளிநாட்டுக்காரர்களுக்கு மடக்குக் கத்தி செய்கிறார். டைட்டேனியம் கைப்பிடித் தகடுகளை மட்டும் கட்டுகஸ்தோட்டையில் இருக்கிற எங்களுக்கு அனுப்புவார். தண்ணீர் விட்டு சாண்ட் பேப்பரால் ஒரே பக்கமாகக் கோடு விழத் தேய்ப்பது கணவரின் வேலை. நிறம் ஏற்றுவது என் வேலை. சாயமெல்லாம் கிடையாது. தண்ணீரில் அப்பச் சோடாவைக் கரைத்து, தகட்டை அதில் தொங்கவிட்டுக் கரண்ட் கொடுத்தால் உலோகத்தின் மேலேயே நிறம் எழும்பும். கரண்டைக் கூட்டக் கூட்டப் பழுப்பு, ஊதா, பிறகு நீலம். கழுவிய தகட்டில் வெறும் கை படக் கூடாது, அது ஒன்றுதான் சட்டம். பட்டால் கையின் எண்ணெய்ப் பசை நிறத்துக்குள் தெரியும். கையுறை போடாமல் என் அறைக்குள் வந்தால் கணவரையே விரட்டுவேன்.

தேவாலயங்களில் குண்டு வெடித்ததற்குப் பிறகு எங்கள் முஸ்லிம் ஆட்களின் வீடுகளில் ஆமியின் சோதனை தொடங்கியது. எங்கள் ஒழுங்கையில் ஒருவர் பெருநாளுக்கு ஆடு அறுக்கிற குர்பான் கத்தியைக் கொல்லையில் புதைத்தார். இன்னொருவர் கொண்டுபோய் மகாவலி ஆற்றில் போட்டார். எங்களுக்கென்ன, நாங்கள் கத்தியா வைத்திருக்கிறோம் என்று நான் பீற்றிக்கொண்டு திரிந்தேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

ஜீப் சத்தம் கேட்டபோது குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மாமி, அதாவது கணவரின் உம்மா, என் அறையிலிருந்து வேகமாக வந்தார்.

“பயப்படாதீங்க மகள், நான் ஒளிச்சிட்டேன்” என்றார்.

எதை, எங்கே என்று கேட்பதற்குள் கதவைத் தட்டிவிட்டார்கள்.

அதிகாரி நேரே என் அறைக்குள் போனார். வயர், திருகு வைத்த கரண்ட் பெட்டி, இரும்புச் சட்டி, வெள்ளைத் தூள். அவர் கண்ணால் நானும் ஒரு தடவை பார்த்தேன். யா அல்லாஹ், குண்டு செய்கிற இடம் வேறு எப்படி இருக்கும்? தூள் என்ன என்றார். அப்பச் சோடா என்றேன். அவர் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அப்போது பார்த்துக் குசினியில் அரிசி வாளிக்குள் கையுறையோடு கையை விட்ட சிப்பாய், முந்தின நாள் நான் கழுவி வைத்த தகடுகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தான்.

“பிஹிய கோ?” கத்தி எங்கே என்கிறார் அதிகாரி.

கத்தி இல்லை, கைப்பிடி மட்டும்தான் என்று எனக்கு வந்த சிங்களத்தில் சொன்னேன். ஒளித்து வைத்த கைப்பிடி இருக்கிறதாம், கத்தி இல்லையாம்! நானே நம்பியிருக்க மாட்டேன். முன்னறையில் நின்ற கணவரை ஜீப்புக்குக் கொண்டுபோகச் சொன்னார். சாரத்தோடும் வெறுங்காலோடும் அவர் போவது ஜன்னலால் தெரிந்தது. ஜீப்பில் ஏற்றிவிட்டால் எந்தக் காலம் திரும்பி வருவாரோ?

செய்தே காட்டுகிறேன், அதுவரை அவரை ஏற்றாதீர்கள் என்று கெஞ்சினேன். சரி என்றார் அதிகாரி. நான் வயரைத் தொட்டதும் சிப்பாய்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, அவரும் இரண்டடி பின்னால் போனார். அவருக்கும் பயம். துவக்கு வைத்திருக்கிறவருக்குப் பயம் வந்தால் எங்கள் கதி என்ன? அந்த யோசனையில் தகட்டை மறுபடி கழுவ வேண்டும் என்ற ஞாபகமே வரவில்லை. பழக்கத்தில் கையுறையை மட்டும் மாட்டி, அப்படியே கொளுவித் தொங்கவிட்டேன். பிஸ்மி சொல்லித் திருகைத் திருப்பினேன்.

பழுப்பு வந்தது. ஊதா வந்தது. பிறகு நீலம். கரண்டை நிறுத்தித் தூக்கிக் காட்டினேன். நீலத்தின் நடுவில் அழுக்குப் பழுப்பாக ஒரு பெருவிரல் அடையாளம், ரேகை ரேகையாக. மாமியுடைய விரல். கதவோரம் நின்ற மாமி தன் கையைப் புரட்டிப் பார்த்தார்.

அதிகாரி தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். “லஸ்ஸனய்” என்றார். அழகாக இருக்கிறதாம். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் நான் அழுதேன். பட்டறைக்கு ஃபோன் எடுத்து விசாரித்துவிட்டு, கணவரை விட்டுவிட்டுப் போனார்கள்.

உள்ளே வந்த கணவர் சோடாத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கழிவுத் தண்ணீர் போகிற பீலியில் ஊற்றினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நிறம் கிடையாது. தகடுகளைச் சின்னக் கற்களோடு டிரம்மில் போட்டு உருட்டி, சாம்பல் நிறத்தில் மங்கலாக்கிக் கொடுக்கிறோம். வயர் வேண்டாம், தூள் வேண்டாம். ஒழுங்கையில் ஏதாவது வாகனம் நின்றால் டிரம்மை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பேன்.

பட்டறைக்காரர் இன்றைக்கும் நீலம் கேட்கிறார். கரண்ட் பெட்டி பழுது என்று சொல்கிறோம். பெட்டிக்கு ஒன்றுமில்லை, அலுமாரிக்கு மேல் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பொய்யை மட்டும் யாரும் மறுகேள்வி கேட்காமல் நம்பிவிடுகிறார்கள்.