முகம் விழாத பன்னிரண்டு படங்கள்

1. கந்தையா அண்ணை வந்த காலை

எழுபதுகளின் நடுப்பகுதியில் ஊர்காவற்றுறையில் எனக்கு ஒரு சிறிய ஸ்டூடியோ இருந்தது. ஒரு நாள் காலை கடையைத் திறந்து பின்திரையைத் தூசு தட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பழக்கமான நெடுந்தீவுக் கந்தையா அண்ணை வாசலில் வந்து நின்றார். பல நாள் சவரம் செய்யாத முகம். கதிரையைக் காட்டினேன். இருக்கவில்லை.

"மலர் செத்துப்போனாள், தம்பி" என்றார்.

மலர் அவருடைய மூத்த மகள். பதினேழு வயது. கடுங்காய்ச்சல் வந்திருக்கிறது. கடல் கொந்தளிப்பில் இரண்டு நாள் வள்ளம் விடவில்லை. மூன்றாம் நாள் ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு வரும்போது நடுக்கடலில் உயிர் போய்விட்டது.

"வீட்டிலை அவளின்ரை படம் எண்டு ஒண்டும் இல்லை. அடையாள அட்டைக்கும் வயது வரேல்லை. நீர்தானே அண்டைக்கு ஒரு பிலிம் முழுக்க அவளை எடுத்தனீர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வைக்க, அதிலை ஒண்டைப் பெரிசாக்கித் தாரும். தாய்க்காரி அதை நினைச்சுத்தான் எழும்பி நடக்கிறாள்."

"ஓம் அண்ணை, நானே கொண்டுவந்து தாறன்" என்று சொல்லிவிட்டேன். அந்தப் பிலிமில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

2. அந்தப் பிலிம்

அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு சித்திர ஆசிரியர் வீட்டில் பிரெஞ்சு ஓவியங்கள் அச்சிட்ட புத்தகம் ஒன்றைப் பார்த்தேன். கிட்டப் பார்த்தால் வெறும் தீற்றல்கள். தள்ளி நின்று பார்த்தால் தண்ணீர், வெயில், நடந்துபோகும் மனிதர். கமராவால் இதைச் செய்ய வேண்டும் என்ற பைத்தியம் அன்று பிடித்தது. அடையாள அட்டைப் படமும் கலியாணப் படமும் எடுத்து அலுத்துப்போயிருந்தேன்.

நானாகவே சில வழிகளைக் கண்டுபிடித்தேன். லென்சுக்கு முன்னால் போடும் பில்டர் கண்ணாடியின் ஓரத்தில் வாஸ்லின் பூசினால் வெளிச்சம் வழியும். ஷட்டரை அரைச் செக்கன் திறந்துவிட்டு கமராவை மெல்ல அசைத்தால் மரமும் மதிலும் தூரிகை இழுத்ததுபோல ஓடும். என்னுடைய பழைய கமராவில் பிலிமைச் சுற்றாமலே மறுபடி ஷட்டரை இழுக்கலாம். ஒரே பிரேமில் ஆறு தடவை, ஒவ்வொன்றையும் குறைந்த வெளிச்சத்தில், ஆளை நடக்கவிட்டு எடுப்பேன். பிரின்ட் போட்ட பிறகு கையால் மெல்லிய நிறம் தீட்டுவேன்.

மலர் இறப்பதற்கு நான்கு மாதம் முன்பு நெடுந்தீவுப் பள்ளிக்கூடத்துக்கு குரூப் படம் எடுக்கப் போனேன். திரும்பிவர மறுநாள்தான் வள்ளம். கந்தையா அண்ணை வீட்டில் தங்கினேன். பின்னேரம் மலர் தண்ணீர்க் குடத்துடன் கல்வேலி ஓரமாக வந்துகொண்டிருந்தாள். சரிந்த வெயில் பவளக் கற்களில் பட்டுத் தெறித்தது. தாயிடம் கேட்டேன். "எடும், அதுக்கென்ன" என்றா. என்னிடம் மிஞ்சியிருந்தது ஒரு பிலிம். பன்னிரண்டு பிரேம். பிலிம் தட்டுப்பாடான காலம் அது.

வேலியோரம் மேலும் கீழும் நடக்கச் சொன்னேன். மலர் முகம் சுளிக்காமல் நடந்தாள். பாதியில் நின்று, குடத்தை இறக்கிவைத்து, தலைமயிரை ஒதுக்கிக்கொண்டாள்.

"அண்ணை, ஒண்டு நிண்டபடி எடுங்கோவன். முகம் வடிவாத் தெரியிற மாதிரி. என்னட்டை ஒரு படமும் இல்லை."

"பிலிமை வீணாக்க ஏலாது பிள்ளை. அடுத்தமுறை வரேக்கை எடுப்பம். நீர் நடவும்."

மலர் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அந்தப் பன்னிரண்டில் ஒன்றுக்குக் கொழும்பில் ஒரு கண்காட்சியில் பரிசு கிடைத்தது. அதைச் சட்டம் போட்டு ஸ்டூடியோ வாசற் சுவரில் மாட்டியிருந்தேன். கந்தையா அண்ணை அன்று காலை அதற்கு நேரே கீழேதான் நின்றார். அது தன் மகள் என்று அவருக்குத் தெரியவில்லை.

3. பென்சில்

அவர் போனதும் டார்க்ரூமுக்குள் போனேன். பன்னிரண்டு நெகற்றிவையும் லூப் என்ற பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் எல்லாவற்றிலும் ஒரு கலங்கிய திட்டு. எட்டாவதில் மட்டும் ஒரு நாடியின் கோடு.

அதைப் பெரிதாக்கினேன். பென்சிலாலும் தூரிகையாலும் ரீட்டச்சிங் தொடங்கினேன். முன்பு மற்றவர்களின் படங்களில் அம்மைத் தழும்பை மறைத்திருக்கிறேன், மூடிய கண்ணைத் திறந்து கொடுத்திருக்கிறேன். ஆனால் முழு முகத்தை எங்கிருந்து கொண்டுவருவது? நினைவிலிருந்து கண் வரைந்தேன். மூக்கு வரைந்தேன். ஒரு மணித்தியாலம் மலரை வியூபைண்டருக்குள் பார்த்துக்கொண்டு நின்றவன் நான். அவளுடைய புருவம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்து பிரின்ட் கிழித்தேன். ஆறாவதை எடுத்துக்கொண்டு நெடுந்தீவுக்கு வள்ளம் ஏறினேன்.

தாய் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் படத்தை வாங்கினா. நெடுநேரம் பார்த்தா.

"இது ஆர், தம்பி?"

கந்தையா அண்ணை, "வடிவாப் பார், பிள்ளைதான்" என்றார். அவருடைய குரலிலும் நிச்சயம் இல்லை.

"இது என்ரை பிள்ளை இல்லை."

உண்மையைச் சொன்னேன். நடக்கவிட்டு எடுத்தது, முகம் கலையும்படி எடுத்தது, ஓவியம்போல வரவேண்டும் என்று எடுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். தாய் என்னைத் திட்டவில்லை. விளங்காமல் பார்த்தா.

"முகத்தை ஏன் அழிச்சனீர்?"

பிறகு தாய் மெதுவாகக் கேட்டா. "அவள் உம்மட்டை ஒண்டும் கேக்கேல்லையோ? நேரை நிண்டு எடுக்கச் சொல்லி?"

"இல்லையக்கா" என்றேன்.

அன்று என்னால் சொல்ல முடிந்தது அந்தப் பொய்தான். அந்தியேட்டிக்குப் படம் வைக்கவில்லை. குத்துவிளக்கை மட்டும் ஏற்றினார்களாம்.

4. மற்றப் பிள்ளைகள்

அடுத்த மாதம் தாய் எஞ்சியிருந்த மூன்று பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தா. அந்தப் பக்கத்தில் வேறு ஸ்டூடியோ இல்லை. பரிசுப் படத்தை நான் முன்பே கழற்றிவிட்டிருந்தேன். ஒவ்வொரு பிள்ளையாக இருத்தி எடுக்கச் சொன்னா. இரண்டு லைட்டையும் போட்டு, கமராவை ஸ்டாண்டில் பூட்டி எடுத்தேன்.

"முகம் விழுந்ததோ?"

"ஓம் அக்கா."

"இன்னொருக்கால் எடும்."

கடைசிப் பிள்ளைக்கு மூன்று வயது. அசையாமல் இருக்கட்டும் என்று தாய் அதன் தலையைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டா. பிள்ளை அழுதது. "அழுதாலும் பரவாயில்லை, எடும்" என்றா.

வாஸ்லின் பூசிய பில்டரை நான் பிறகு தொடவில்லை. அந்த வித்தை பிழை என்று சொல்ல மாட்டேன். இப்போது அப்படி எடுக்க விரும்புகிற இளையவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்வேன். முன்னால் நிற்கிற ஆளுக்கு என்ன படம் வேண்டும் என்று கேளுங்கள். அதை முதலில் எடுத்துக் கொடுங்கள். அதற்குப் பிறகு உங்களுடைய படத்தை எடுங்கள்.

மலர் கேட்டாள், நான்தான் எடுக்கவில்லை என்பதை அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. சொல்லியிருந்தாலும் அவர்களுக்கு அது எதற்கு?